பஞ்சார் – டயாக் கல்யாணங்களில் எது கலக்கிறது, எது கலப்பதில்லை

கேள்வி இதுதான்: போர்னியோத் தீவில் இந்தோனேசியாவுக்குச் சொந்தமான கலிமந்தானில், முஸ்லிம்களான பஞ்சார் மக்களும் பெரும்பாலும் கிறிஸ்தவர்களாகவோ கஹரிங்கான் என்ற பழைய சமயத்தவராகவோ இருக்கும் டயாக் மக்களும் கல்யாணம் செய்துகொள்ளும்போது, இரண்டு பண்பாடுகளும் எப்படிக் கலக்கின்றன? கடைசியில் யாருடைய வழக்கம் நிற்கிறது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதம் கலப்பதில்லை. ஒருவர் மாறியாக வேண்டும், பெரும்பாலும் மாறுவது டயாக் தரப்புதான். ஆனால் மதத்தைச் சுற்றியிருக்கும் பரிசம், நலங்கு, சம்பந்தி மரியாதை, சமையல், உறவுமுறை எல்லாம் தாராளமாகக் கலக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை இரண்டு அந்நியக் கூட்டங்களின் சமரசம் என்று எழுதுகிறார்கள். அது சரியான படம் இல்லை. இந்த இரு தரப்பும் முன்பே சொந்தக்காரர்கள். பஞ்சார் என்று இன்று சொல்லிக்கொள்பவர்களில் பெரும்பகுதியினரின் முன்னோர், சில தலைமுறைக்கு முன்னாலோ சில நூற்றாண்டுக்கு முன்னாலோ டயாக்காக இருந்தவர்கள்.

இதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். உள்நாட்டுச் சண்டையில் மாமனை எதிர்த்து நின்ற இளவரசர் சமுத்ரா ஜாவாவின் டெமாக் சுல்தானிடம் உதவி கேட்டு, வென்று, இஸ்லாத்தைத் தழுவி சுல்தான் சூரியன்ஷா ஆனார். 1526 செப்டம்பர் 24ஐத்தான் பஞ்சார்மாசின் நகரம் இன்றும் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அந்த அரசைச் சுற்றி மலாய்க்காரர், ஜாவானியர், டயாக் குழுக்களான ஙாஜு, மாஅன்யான், மெராத்துஸ் மலைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து உருவான இனம்தான் பஞ்சார். முஸ்லிமானவர் பஞ்சார் ஆனார், ஆகாதவர் டயாக்காக இருந்தார். கோடு போட்டது மதம்தான், ரத்தம் பெரும்பாலும் ஒன்றேதான்.

மலேசியாவில் பாகான் செராய், சபாக் பெர்ணம் பக்கம் வளர்ந்த தமிழர்களுக்குப் பஞ்சார்கள் புதியவர்கள் இல்லை. நெல் வயலும் வாய்க்காலுமாக இருக்கும் அந்தக் கம்பங்களில், அதாவது மலாய்க் கிராமங்களில், பலர் தென் கலிமந்தானிலிருந்து போய்க் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள்தான். அங்கே அவர்கள் மலாய்க்காரர் கணக்கில் சேர்ந்துவிட்டதால் இந்த டயாக் உறவு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மெராத்துஸ் மலையில், லொக்சாடோ பக்கத்தில், இதற்கு ஒரு கதையே இருக்கிறது. தாயுஹான், இந்திங்கான் என்று இரண்டு சகோதரர்கள். மூத்தவன் பலசாலி, அவன் வழிவந்தவர்கள் மலையில் தங்கிவிட்டார்கள். இளையவன் புத்திசாலி, அவன் வழிவந்தவர்கள் சமவெளிக்கு இறங்கிப் பஞ்சார் ஆனார்கள். கதையில் சமவெளிக்காரன்தான் புத்திசாலி என்று வருவதைக் கவனிக்க வேண்டும். கதை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். இருந்தாலும் இரு தரப்பும் அந்தக் கதையைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் ‘டங்சனாக்’, அதாவது உடன்பிறப்பு, என்று அழைக்கிறார்கள். மெராத்துஸ் மக்கள் பேசுவதும் பஞ்சார் மொழிக்கு மிக நெருங்கிய ஒரு மலாய் வகைதான்.

அரச குடும்பத்திலும் டயாக்குகளோடு சம்பந்தம் நடந்திருக்கிறது. டச்சுக்காரர்களை எதிர்த்து 1859இல் தொடங்கிய பஞ்சார் போரின் தலைவர் இளவரசர் அந்தசாரி. அவருக்குத் தோளோடு தோள் நின்றவர் பாரிட்டோ ஆற்று டயாக் தலைவர் துமெங்குங் சூராபாதி. அந்த வருடம் டிசம்பரில் ஒன்ருஸ்ட் என்ற டச்சுக் கப்பலை ஆற்றில் மூழ்கடித்தது அவருடைய ஆட்கள். சூராபாதியின் சகோதரி அந்தசாரியின் மனைவியரில் ஒருவர் என்றும், அந்தசாரிக்குப் பின் 1905 வரை போரை நடத்திய சுல்தான் முஹம்மது செமான் அவர் வயிற்றுப் பிள்ளை என்றும் அங்கே சொல்வார்கள். சம்பந்தம் செய்த இடத்தில்தான் படையும் கிடைத்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று ஒரு ஙாஜுப் பெண் பஞ்சார் பையனைக் கட்டிக்கொள்ளும்போது பெரியவர்கள் அதிர்ச்சி அடைவதில்லை. ‘யார் மாறுவது’ என்பதற்குத்தான் சண்டை வரும்.

மதம்: இங்கே பேரம் இல்லை

இந்தோனேசியாவின் 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், அந்தந்த மதத்தின் முறைப்படி நடந்தால்தான் கல்யாணம் செல்லும் என்கிறது. 1991இல் வந்த இஸ்லாமியச் சட்டத் தொகுப்பு, முஸ்லிம் ஆணோ பெண்ணோ வேறு மதத்தவரை மணக்கக் கூடாது என்கிறது. இந்தோனேசிய உலமா சபை 2005இல் வெளியிட்ட ஃபத்வாவும் அதையேதான் சொன்னது. முன்பெல்லாம் சில ஜோடிகள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு, நீதிபதி அனுமதித்தால் குடிமைப் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொண்டார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, இப்படிப்பட்ட மனுக்களை ஏற்க வேண்டாம் என்று நீதிபதிகளுக்குச் சொல்லிவிட்டது. ஆக, வழி ஒன்றுதான்: இருவரும் ஒரே மதத்தில் இருந்தாக வேண்டும்.

எந்த மதம் என்பதைச் சட்டம் சொல்லவில்லை, சமூகம் சொல்கிறது. பஞ்சார் ஒருவர் இஸ்லாத்தை விட்டு வெளியே போவது மிக அரிது. போனால் அவரைப் பஞ்சார் என்றே சொந்தங்கள் எண்ணமாட்டார்கள், ஏனென்றால் பஞ்சார் என்ற அடையாளமே இஸ்லாத்தோடு பின்னியது. டயாக் அடையாளத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே வீட்டில் தாத்தா கஹரிங்கான், அப்பா கலிமந்தான் இவாஞ்சலிக்கல் சபை, சித்தப்பா முஸ்லிம் என்று இருப்பதை ஙாஜு ஊர்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். நீண்ட மர வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்த காலத்தை வைத்து ‘ஹுமா பெத்தாங்’ உணர்வு என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை உண்மைதான். ஆனால் அந்தத் தாராளம் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால், ஏறக்குறைய ஒவ்வொரு கலப்புக் கல்யாணத்திலும் ஆள் நகர்வதும் ஒரே திசையில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கஹரிங்கான் பற்றி ஒரு வார்த்தை. அரசு அங்கீகரித்த மதங்களின் பட்டியலில் அதற்கு இடம் இல்லாததால், 1980இல் அது இந்து மதத்தின் கிளையாகப் பதிவாகி ‘இந்து கஹரிங்கான்’ ஆனது. அடையாள அட்டையில் இந்து என்று இருக்கும். நம்மூர்க் கோயிலை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். வியாழக்கிழமைதோறும் கூடும் பிரார்த்தனை மண்டபமும், ரன்யிங் ஹத்தாலா என்ற பரம்பொருளும், இறந்தவர்களுக்கான பெரும் சடங்குகளும்தான் அங்கே இருக்கின்றன. மெராத்துஸ் மலைக்காரர்கள் பலர் இந்த ஏற்பாட்டுக்குள்ளும் சரியாக அடங்கவில்லை. அவர்கள் முறைப்படி மட்டும் நடந்த கல்யாணம் பதிவாகாமல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் மட்டும் ஏறிய வழக்கு நிறைய உண்டு. கீழே இறங்கி பஞ்சார் வீட்டில் சம்பந்தம் செய்து, மத விவகார அலுவலகத்தில் நிக்காஹ் பதிவு செய்தால் காகிதம் உடனே கிடைத்துவிடும். காதலைத் தாண்டி இந்தக் காகித வசதியும் பலரை அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது.

பரிசம் பேசும் இடம்

கலப்பின் முழு அழகும் இங்கேதான் தெரியும். இரண்டு தரப்பிலும் மாப்பிள்ளை வீட்டார்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும் விதம்தான் வேறு.

பஞ்சார் பக்கம் முதலில் பெண்ணைப் பற்றி விசாரிப்பது ‘பசசுலுஹ்’, பிறகு பெண் கேட்டுப் போவது ‘படாத்தாங்’. அங்கே பேசி முடிப்பது ‘ஜுஜுரான்’. மாப்பிள்ளை பெண்ணுக்கே கொடுக்கும் இஸ்லாமிய மஹர் வேறு, இது வேறு. மஹர் சிறியதாக இருக்கலாம், ஒரு தங்க மோதிரமோ தொழுகைத் துணிமணியோ போதும். ஜுஜுரான் என்பது பெண்வீட்டுக்கு ரொக்கமாகப் போகும் பெரிய தொகை. பெரும்பகுதி கல்யாணச் செலவுக்கே போய்விடும். பெண்ணின் படிப்பு, வேலை, குடும்ப அந்தஸ்து எல்லாம் பார்த்துத் தொகை ஏறும். தொகை கட்டுப்படியாகாமல் நின்றுபோன சம்பந்தங்கள் எல்லா ஊரிலும் உண்டு. மதப் பெரியவர்கள் இதைக் குறைக்கச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள், அது குறைந்தபாடில்லை.

ஙாஜு பக்கம் மொத்தத் தொகை என்று ஒன்று பேசுவதில்லை. ‘ஜாலான் ஹடாத்’ என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் ஒரு டஜனுக்கு மேல் உருப்படிகள். ஒவ்வொன்றும் ஒரு ஆளுக்கு. ‘பலாக்கு’ பெண்ணுக்கு: முன்பு நிலம், இப்போது நிலமோ தங்கமோ, அது அவள் சொந்தச் சொத்து. ‘சாப்புட்’ அவள் கூடப்பிறந்தவர்களுக்கு. ‘துத்துப் உவான்’ என்ற துணி பாட்டிக்கு, நரைத்த தலையை மூடிக்கொள்ள. ‘சின்ஜாங் எந்தாங்’ என்ற சேலைத் துணி, தூளி கட்டிச் சுமந்து வளர்த்த அம்மாவுக்கு. ‘லமியாங்’ என்ற நீண்ட சிவப்புக் கல்மணி, பேச்சு உறுதியானதற்கு ஊன்றிய கம்பம் மாதிரி. கோங் என்ற பெரிய வெண்கலச் சேகண்டி ஒன்று. பாயும் கொசுவலையும் தம்பதிக்கு. கூடியிருப்பவர்கள் குடிக்க ‘ராப்பின் துவாக்’. விருந்துச் செலவுக்கு ‘பங்கினான் ஜன்டாவ்’. நம்மூரில் தாய்மாமன் சீர், நாத்தனார் சீர் என்று ஆளுக்கொரு பெயரில் மரியாதை வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பட்டியல் உடனே புரிந்துவிடும்.

இந்த உருப்படிகளை ஒரேயடியாகக் கொடுத்துவிட முடியாது. இரு தரப்பிலும் நாவன்மை உள்ளவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டும் கொடுத்தும், நடுவே கேலியும் கிண்டலுமாக நடத்துவார்கள். ‘ஹாலுவாங் ஹாப்பெலெக்’ என்று பெயர். பஞ்சார் மாப்பிள்ளை வீட்டார் பலருக்கு இது முதல் முறை. அதனால் அவர்கள் தரப்புக்கும் ஒரு டயாக் ஆளைத்தான் பேசப் பிடித்துக்கொள்வார்கள். பெண்வீட்டு ஆளும் மாப்பிள்ளை வீட்டு ஆளும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்து, மாற்றி மாற்றிச் சண்டை போடுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

கலப்புக் கல்யாணத்தில் பொதுவான விதி, பெண்வீட்டு வழக்கம் முன்னால் நிற்கும் என்பதுதான். பெண் ஙாஜு, மாப்பிள்ளை பஞ்சார் என்றால் ஜாலான் ஹடாத் பட்டியல் முழுதும் நடக்கும், அதோடு நிக்காஹின்போது மஹரும் உண்டு. ஜுஜுரான் என்று தனியாக ஒன்று பேசமாட்டார்கள், விருந்துச் செலவு உருப்படிக்குள் அது கரைந்துவிடும். ராப்பின் துவாக் மட்டும் கள்ளாக இல்லாமல் பணமாகவோ குளிர்பானமாகவோ மாறும், பெயர் அப்படியே இருக்கும். பெண் பஞ்சார், மாப்பிள்ளை டயாக் என்றால் பையன் முதலில் இஸ்லாத்துக்கு வர வேண்டும், அப்புறம் ஜுஜுரான். அவனுடைய பெற்றோர் தங்கள் மனத் திருப்திக்கு, மருமகள் தங்கள் வீட்டுக்கு முதலில் வரும்போது ‘பத்து காஜா’ என்ற அன்பளிப்பைக் கொடுத்துத் தங்கள் முறையை நிறைவேற்றிக்கொள்வார்கள். இரண்டாவது வகைக் கல்யாணங்களில் டயாக் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் மனக்குறை இருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தங்கள் பிள்ளையின் கல்யாணத்தில் தாங்களே விருந்தாளிகள் போல உட்கார்ந்திருக்க நேர்கிறது.

பட்டியல் முடிந்ததும் ஙாஜு வழக்கில் ஒரு ஒப்பந்தம் எழுதுவார்கள். இரு தரப்புச் சாட்சிகளும் கையெழுத்திட, ‘டமாங்’ என்ற வழக்காற்றுத் தலைவர் உறுதி செய்வார். என்னென்ன கொடுக்கப்பட்டது, என்ன பாக்கி, தவறு செய்து பிரிந்தால் யார் எவ்வளவு அபராதம் கட்ட வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். 1894இல் தும்பாங் அனோய் என்ற ஊரில் டயாக் குழுக்கள் கூடித் தலைவெட்டும் சண்டைகளை நிறுத்தியபோது வகுத்ததாகச் சொல்லப்படும் 96 பிரிவு வழக்காற்றுச் சட்டத்தில் இப்படிப்பட்ட அபராதங்கள் உண்டு. மத்திய கலிமந்தான் மாகாணம் 2008இல் டமாங்குகளின் அதிகாரத்தைத் தனிச் சட்டமாகவே எழுதிவைத்தது.

நிக்காஹ் முடிந்ததும் இந்தோனேசிய முஸ்லிம் மாப்பிள்ளை ‘தக்லிக் தலாக்’ வாசிக்கும் வழக்கமும் இருக்கிறது. மனைவியை நீண்ட நாள் கைவிட்டாலோ, செலவுக்குக் கொடுக்காவிட்டாலோ, அடித்தாலோ அவள் நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்கலாம் என்ற உறுதிமொழி அது; கல்யாணப் புத்தகத்தின் பின்னாலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒரே வாரத்தில் ஒரே பையன் இதையும் வாசித்து, டமாங் முன்னால் அபராத ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவான். என் பார்வையில் இந்தக் கலப்பிலேயே பெண்ணுக்கு மிகவும் லாபமான பகுதி இதுதான். அடுக்குமொழிக் கேலியும் கோங் சத்தமும் படம் எடுக்க நன்றாக இருக்கும். அவளுக்கு இருபது வருடம் கழித்துப் பயன்படப்போவது இந்த இரண்டு காகிதங்கள்தான்.

சடங்குகள்

கல்யாணத்துக்கு முன்னால் பஞ்சார் வீட்டில் ‘பத்திமுங்’ நடக்கும். மூலிகை கொதிக்கும் பானை மேல் பாயும் போர்வையுமாக மூடி உட்காரவைத்து வியர்க்கவிடுவார்கள், மணமேடையில் வியர்வை நாற்றம் வரக் கூடாது என்று. அப்புறம் மருதாணி. அப்புறம் ‘பபாப்பாய்’ என்ற மங்கலக் குளியல்: நான்கு மூலையில் கரும்பு நட்டு, மஞ்சள் துணி சுற்றி, பாக்கு மரத்தின் பாளையும் பூவும் போட்ட தண்ணீரை வயதான பெண்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் நின்று ஊற்றுவார்கள். பக்கத்தில் அரிசி, தேங்காய், பனைவெல்லம், முட்டை, ஊசி நூல் வைத்த ‘பிடுடுக்’ தட்டு இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு. அரச வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களில் இதைச் செய்யாவிட்டால் யாருக்காவது பேய் பிடித்ததுபோல் ஆகிவிடும் என்ற பயம் இன்றும் உண்டு. இமாம்கள் இதைக் கண்டிக்கிறார்கள். பாட்டிகள் கேட்டுக்கொண்டே தட்டை எடுத்துவைக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு ஙாஜுப் பெண் தன் புகுந்த வீட்டில் பார்க்கும்போது அவளுக்கு எதுவும் விசித்திரமாகப் படாது. ‘தம்புங் தாவார்’ என்று இலைக்கொத்தால் தண்ணீர் தெளித்து ஆசி சொல்வது அவள் வீட்டிலும் உண்டு. பஞ்சார் வீட்டில் அதுவே ‘பத்தாப்புங் தாவார்’, தண்ணீருக்குப் பதில் வாசனை எண்ணெய். பஞ்சார்கள் முஸ்லிமானபோது மேலே இருந்ததை மாற்றினார்கள், அடியில் இருந்தது அப்படியே தங்கிவிட்டது. அதனால்தான் இந்தச் சடங்குகள் ஒன்றோடொன்று இவ்வளவு லேசாகச் சேர்ந்துகொள்கின்றன.

சேராதவையும் உண்டு. கஹரிங்கான் முறையில் மணமக்கள் கோங்கின் மேல் உட்கார்ந்து, சவாங் செடியின் தண்டைப் பிடித்தபடி இருக்க, பலியின் ரத்தத்தால் நெற்றியிலும் உடலிலும் தொட்டு வைப்பார்கள். ‘சாக்கி பாலாஸ்’ என்ற இந்தச் சடங்குதான் அவர்களுக்கு உண்மையான கல்யாணம். முஸ்லிம் ஜோடிக்கு இதைச் செய்ய முடியாது, ரத்தம் அசுத்தம். தம்புங் தாவாரோடு நிறுத்திக்கொள்வார்கள். வாசலில் நடக்கும் ‘லாவாங் செக்கெப்பெங்’குக்கு எந்தத் தடையும் இல்லை: பூ கட்டிய நூல்களால் வாசலை மறித்திருக்க, இரு தரப்புத் தற்காப்புக்கலை ஆட்களும் மோதி நூல்களை ஒவ்வொன்றாக அறுத்து வழிவிடுவார்கள். பஞ்சார் சொந்தக்காரர்கள் இதை மிகவும் ரசிப்பார்கள்; அவர்கள் ஊரிலும் மணமக்களைத் தோளில் தூக்கி ஆடும் ‘உசுங் ஜிங்குங்’ இருக்கிறதே. ஆனால் இரவு ‘மனசாய்’ வட்ட நடனம் தொடங்கி ஆணும் பெண்ணும் ஒரே வட்டத்தில் சுற்ற ஆரம்பித்து, ‘பாரம்’ என்ற அரிசிக் கள் கை மாறும்போது, அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மெதுவாகச் செருப்பைத் தேடுவார்கள். இளசுகள் இருப்பார்கள்.

சமையல் விஷயம் சுலபமாகத் தீர்ந்த ஒன்று. பன்றி வேண்டாம், கோழியையும் மாட்டையும் முஸ்லிம் ஒருவர் அறுக்க வேண்டும், பாத்திரம் தனி. டயாக் வீட்டு விருந்து என்றால் முஸ்லிம் சொந்தக்காரர்களையே அழைத்து அந்தச் சமையலை ஒப்படைத்துவிடுவார்கள். மெராத்துஸ் அறுவடை விழாவுக்கு வரும் பஞ்சார் விருந்தாளிகளுக்கும் இதே ஏற்பாடுதான். மற்றபடி இரு தரப்புக்கும் நாக்கு ஒன்றுதான்: விரால், பனையேறிக் கெண்டை, புளிக்கவைத்த மீன், இளம் பிரம்புக் குருத்துக் குழம்பு.

பிள்ளைகள் யார்?

ஒரு காலத்தில் இதற்குப் பதில் எளிது. முஸ்லிமான டயாக்கின் பிள்ளைகள் பஞ்சார் மொழி பேசி, பஞ்சார் பள்ளியில் ஓதி, அடுத்த தலைமுறையில் பஞ்சாராகிவிடுவார்கள். பஞ்சார் மொழி ஆற்று வணிகத்தின் மொழி, மத்திய கலிமந்தானின் சந்தைகளிலும் அதுதான் ஓடுகிறது. அதனால் கலப்பு வீடுகளில் பெரும்பாலும் அந்த மொழியே ஜெயிக்கிறது. பிள்ளைகள் ஒரு தாத்தாவை ‘காய்’ என்றும் இன்னொரு தாத்தாவை ‘புவே’ என்றும், ஒரு பாட்டியை ‘நினி’ என்றும் இன்னொரு பாட்டியை ‘தம்பி’ என்றும் கூப்பிட்டுக்கொண்டு வளர்வார்கள்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. டயாக்குகளுக்குத் தனி மாகாணம் வேண்டும் என்ற கோரிக்கையால் 1957இல் மத்திய கலிமந்தான் பஞ்சார்மாசின் நிர்வாகத்திலிருந்து பிரிந்தது. அதற்குப் பிறகு அங்கே டயாக் என்று சொல்லிக்கொள்வதில் கௌரவமும் வந்தது, அரசியல் பயனும் வந்தது. முஸ்லிமானாலும் நான் டயாக்தான் என்று சொல்பவர்கள் பெருகினார்கள். மராபஹான் பக்கத்துப் பக்கும்பாய் மக்கள் இதற்கு முன்னோடிகள்: பல தலைமுறையாக முஸ்லிம்கள், பேசுவது ஙாஜுவுக்கு நெருங்கிய மொழி, பஞ்சார் சமூகத்தோடு நிறையக் கொடுத்து வாங்கியவர்கள், இருந்தும் பக்கும்பாய்களாகவே இருக்கிறார்கள். 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டயாக் கிளைகளைத் தனித்தனியாக எண்ணியதால் மத்திய கலிமந்தானில் பஞ்சார்களே முதலிடத்தில் தெரிந்தார்கள். 2010இல் கிளைகளைச் சேர்த்து எண்ணியபோது டயாக் சுமார் 47 சதவீதம், பஞ்சார் சுமார் 21 சதவீதம். கலப்பு வீட்டுப் பிள்ளை எந்தப் பெட்டியில் டிக் அடிக்கிறான் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும், சில வீடுகளில் அண்ணனுக்கும் தங்கைக்குமே வேறுபடும். மத்திய கலிமந்தானின் தலைநகரான பலாங்கா ராயாவில் வளர்ந்தால் டயாக், பஞ்சார்மாசினில் வளர்ந்தால் பஞ்சார் என்று நான் குத்துமதிப்பாகச் சொல்வேன்.

சாவும் சொத்தும்

கல்யாணத்தில் வராத சிக்கல் சாவில் வரும். கஹரிங்கான் நம்பிக்கையில், புதைத்த எலும்பை எடுத்து ‘திவா’ என்ற பெரும் சடங்கு செய்து ‘சன்டுங்’ என்ற சிறு மாடத்தில் வைத்தால்தான் ஆன்மா மேலுலகத்துக்குப் போய்ச் சேரும். மகள் முஸ்லிமாகி முஸ்லிம் மயானத்தில் அடங்கிவிட்டால் அவளுக்குத் திவா இல்லை. மேலுலகத்துக்குப் போனால் அவளைப் பார்க்க முடியாதே என்ற துக்கம் அவள் தாய்க்கு உண்மையானது. பிள்ளை மதம் மாறுவதை எதிர்க்கும் பெற்றோர் பலர் மனதில் வைத்திருப்பது இதைத்தான், இறை நம்பிக்கையைப் பற்றிய வாதத்தை அல்ல. தலைகீழாக, கஹரிங்கான் தாய்க்குத் திவா நடக்கும்போது முஸ்லிம் மகன் வருவான், பணம் கொடுப்பான், தனிச் சமையலைப் பார்த்துக்கொள்வான். எருமையைக் குத்தும் நேரத்தில் தள்ளி நிற்பான். பஞ்சார் பக்கம் 3, 7, 25, 40, 100ஆம் நாள் ஓதிச் சாப்பாடு போடும்போது டயாக் சம்பந்திகளும் வந்து உட்காருவார்கள்.

சொத்து அதைவிடக் கறாரானது. இஸ்லாமிய வாரிசு முறையில் முஸ்லிம் அல்லாதவர் வாரிசாக முடியாது. உச்ச நீதிமன்றம் 1990களிலிருந்து சில வழக்குகளில் ‘கட்டாய உயில்’ என்ற வழியில் முஸ்லிம் அல்லாத பிள்ளைகளுக்கும் ஒரு மனைவிக்கும் பங்கு கொடுத்திருக்கிறது. ஆனால் அது நீதிமன்றம் ஏறினால்தான். ஊரில் நடப்பது வேறு. ஙாஜு வழக்கில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம். பஞ்சார்களிடம் கணவனும் மனைவியும் சேர்ந்து சம்பாதித்ததை முதலில் பாதியாகப் பிரித்து மனைவிக்குக் கொடுத்துவிடும் முறை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு அறிஞர் ஷேக் முஹம்மது அர்ஷத் அல்-பஞ்சாரி தந்த தீர்ப்பு என்று அதைச் சொல்வார்கள். மீதியைச் சரியத்படி கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, பிறகு கூடப்பிறந்தவர்கள் உட்கார்ந்து பேசித் தங்களுக்குள் சமமாக்கிக்கொள்வதும் அங்கே சகஜம். ஆக, கணக்கு வேறாக இருந்தாலும் கையில் வந்து சேர்வது பல வீடுகளில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மதம் மாறாத உறவுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே தானப் பத்திரமாக எழுதிவிடுகிறார்கள். பலாக்கு நிலமும் இங்கேதான் உதவுகிறது. அது கல்யாணத்தன்றே மனைவியின் சொந்தமாகிவிட்டதால், கணவன் இறந்தபின் பிரிக்கும் சொத்தில் சேராது. இதைத் தெரிந்த பெண்வீட்டார் இப்போதெல்லாம் பலாக்கு என்று பொதுவாக எழுதவிடுவதில்லை. நிலத்தின் அளவு, நாலு பக்க எல்லை, பட்டா யார் பெயரில் என்பதுவரை டமாங் முன்னால் ஒப்பந்தத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.